குட்பாஸ்சர் நோய் மறுபடி வருகிறதா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குட்பாஸ்சர் நோய்க்குச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் முதலில் கேட்பது, "இது திரும்ப வருமா?" என்பதைத்தான். இந்த நோய் மட்டும் தனியாக வந்திருந்தால், திரும்புவது மிகவும் அரிது. ஆனால் திரும்பினால், சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கிடைக்கும் அவகாசம் சில நாள்கள்தான். நுரையீரலில் ரத்தம் கசிய ஆரம்பித்தால் மணிக்கணக்கு. அதனால் தினமும் பயந்துகொண்டு இருக்கவும் வேண்டாம், "அதெல்லாம் வராது" என்று ஃபைலைத் தூக்கிப் பரணில் போடவும் வேண்டாம். நன்றாக இருக்கும் நாள்களிலேயே சில வேலைகளை முடித்து வைத்துவிட்டால், சந்தேகம் வரும் நாளில் திணற வேண்டியிருக்காது. அந்த வேலைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எப்போது ஓடுவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

1919இல் எர்னஸ்ட் குட்பாஸ்சர் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர், நுரையீரலில் ரத்தம் கசிந்து சிறுநீரகமும் வீங்கி இறந்துபோன 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினார். அப்போது உலகம் முழுக்க ஃப்ளூ காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த காலம். 1958இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதேபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதியபோது அவர் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். இன்று மருத்துவமனைத் தாள்களில் ஆன்டி ஜிபிஎம் நோய் என்ற பெயரையே அதிகம் பார்ப்பீர்கள். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் அல்லது அதற்கும் சற்றே கூட, அவ்வளவு பேருக்குத்தான் இது வருகிறது. உங்கள் குடும்ப மருத்துவர் தன் வாழ்நாளில் ஒரு நோயாளியைக் கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அது அவர் குறை இல்லை. ஆனால் நீங்கள் தயாராக இருக்க வேண்டியதற்கு அதுவே ஒரு காரணம்.

உடம்பில் நடப்பது இதுதான். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய முடிச்சுகளில் ஜிபிஎம் என்ற ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதில் நான்காம் வகை கொலாஜன் என்ற புரதம் உண்டு. அந்தப் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியை அந்நியப் பொருள் என்று நினைத்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதற்கு எதிராக ஆன்டிபாடி என்ற தாக்கும் புரதத்தைத் தயாரிக்கிறது. அதுதான் ஆன்டி ஜிபிஎம். அதே புரதம் நுரையீரலின் காற்றறைச் சவ்விலும் இருக்கிறது. அதனால்தான் சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் இந்த இரண்டு உறுப்புகளும் ஒன்றாக அடிபடுகின்றன.

இதில் ஒரு வித்தியாசம் உண்டு. சிறுநீரக முடிச்சுகளில் ரத்தக்குழாய்ச் சுவர் இயல்பாகவே துளைகள் கொண்டது. ஆன்டிபாடி நேராகச் சவ்வைப் போய்த் தொட்டுவிடும். நுரையீரலில் அப்படி எளிதில் தொட முடியாது. புகை, ரசாயன ஆவி, தொற்று போன்ற ஏதோ ஒன்று அங்கே ரத்தக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்கினால்தான் வழி திறக்கிறது. புகைபிடிப்பதைப் பற்றிப் பின்னால் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லப்போவது இதனால்தான்.

முதல் வேலை: உங்களுக்கு வந்தது எந்த வகை?

திரும்ப வருமா என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒரே ஒரு பரிசோதனை முடிவில் இருக்கிறது. அதன் பெயர் ஆன்கா. ஆன்டி ஜிபிஎம் நோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆன்கா என்ற இன்னொரு ஆன்டிபாடியும் சேர்ந்தே இருக்கிறது. அது ரத்தக்குழாய்களைத் தாக்கும் வேறொரு நோய்க் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் எம்பிஓ, பிஆர்3 என்று இரண்டு வகை உண்டு. ஆன்டி ஜிபிஎம்மோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் எம்பிஓ.

ஆன்டி ஜிபிஎம் மட்டும் இருந்தவர்களுக்கு இது பெரும்பாலும் ஒரு முறை வந்து முடிந்துவிடும் நோய். ஆன்டிபாடி உற்பத்தி அடங்கியதும் மறுபடி தொடங்குவது அபூர்வம். ஆன்டிபாடி உற்பத்தியைத் தடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை இரண்டு மூன்று மாதம், ஸ்டீராய்டு ஏறக்குறைய ஆறு மாதம் கொடுத்து நிறுத்திவிடுவது வழக்கம். தொடர் மருந்து தேவைப்படுவதில்லை.

இரண்டும் சேர்ந்து இருந்தவர்களின் பாதை வேறு. ஆரம்பத்தில் ஆன்டி ஜிபிஎம் போலவே வேகமாகத் தாக்கும், பின்னாளில் ஆன்கா நோயைப் போலத் திரும்பத் திரும்ப வரும் குணமும் இருக்கும். அதனால் முதல் சிகிச்சைக்குப் பிறகும் ரிட்டுக்சிமாப், அசதயோப்ரின் போன்ற ஏதாவது ஒன்றைப் பல மாதங்களோ ஆண்டுகளோ தொடர வேண்டியிருக்கும். இவர்கள் மருந்தை இடையில் தாங்களாகவே நிறுத்தினால் ஆபத்து நிஜமானது.

ஆகவே அடுத்த முறை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கும்போது நேரடியாகக் கேளுங்கள்: "டாக்டர், எனக்கு ஆன்கா டெஸ்ட் எடுத்தீங்களா? பாசிட்டிவா, நெகட்டிவா? எம்பிஓவா, பிஆர்3யா?" பதிலைக் காதால் கேட்டால் மட்டும் போதாது, ரிப்போர்ட்டின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது பல நேரம் விட்டுப்போயிருக்கும், அல்லது "ரிசல்ட் வரவில்லை" என்ற நிலையிலேயே அச்சாகியிருக்கும். முதல் தடவை எடுக்கவே இல்லை என்றால் இப்போதாவது எடுக்க முடியுமா என்று கேட்கலாம். ஆனால் சிகிச்சைக்குப் பின் எடுத்த ஆன்கா நெகட்டிவாக வந்தால், ஆரம்பத்திலும் இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. முதல் நாள்களில் எடுத்த ரத்த மாதிரி ஆய்வகத்தில் பத்திரமாக இருந்தால் அதில் செய்து பார்ப்பது நல்லது.

பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் செய்த பரிசோதனையின் ரிப்போர்ட்டையும் கையோடு வாங்குங்கள். சவ்வின் மேல் ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி ஒரே சீரான கோடுபோலப் படிந்திருக்கிறது என்று அதில் இருந்தால் அதுதான் இந்த நோயின் கையெழுத்து. எத்தனை முடிச்சுகளில் பிறை வடிவக் காயம் இருந்தது என்பதும் அதில் இருக்கும். நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஆன்டி ஜிபிஎம் தெரிவதே இல்லை, பயாப்ஸியில்தான் தெரிகிறது. உங்களுக்கு முதல் தடவையே அப்படி இருந்ததென்றால், இரண்டாம் தடவை ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்ததை வைத்து நிம்மதி அடைய முடியாது. இந்த ஒரு வரியை ஃபைலின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது வேலை: நன்றாக இருக்கும்போதே எண்களை எழுதி வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். சிறுநீரகம் ஒருமுறை அடிபட்டால் தழும்பு மிஞ்சும். நோய் முழுக்க அடங்கிய பிறகும் சிறுநீரில் கொஞ்சம் சிவப்பணுவும் கொஞ்சம் புரதமும் மாதக்கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே, வந்துகொண்டிருக்கும். புதிதாக உங்களைப் பார்க்கும் ஒரு மருத்துவர் "சிறுநீரில் ரத்தம்" என்றதும் நோய் திரும்பிவிட்டது என்று நினைக்கலாம். நேர்மாறாக, உண்மையிலேயே கூடியிருப்பதை "இது பழைய தழும்புதான்" என்று விட்டுவிடவும் செய்யலாம். எது பழசு, எது புதுசு என்று பிரித்துக் காட்ட உங்கள் வழக்கமான எண்கள் கையில் இருந்தாக வேண்டும்.

ஒரு சாதாரண நோட்டு போதும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு பத்தி. அதில் முக்கியமானது கிரியாட்டினின். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகத்தின் வேலை குறைகிறது என்று அர்த்தம். உதாரணத்துக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "மார்ச் 4. கிரியாட்டினின் 1.6. ஹீமோகுளோபின் 11.2. சிறுநீர்ப் புரதம்-கிரியாட்டினின் விகிதம் 0.4. சிறுநீரில் சிவப்பணு 8–10. ஆன்டி ஜிபிஎம் நெகட்டிவ். பிரஷர் 128/80. எடை 61. பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 5 மி.கி." கடைசியில் அன்றைக்கு ஏதாவது விசேஷம் இருந்தால் ஒரு வரி: சளி இருந்தது, மாதவிடாய் நாள், மருந்து மாற்றினார்கள் என்பது போல. மாதவிடாய் நாள்களில் கொடுக்கும் சிறுநீர் மாதிரியில் சிவப்பணு ஏறித்தான் இருக்கும். அந்தக் குறிப்பு இல்லாமல் போனால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கும்போது வீண் கலவரம்.

ஆய்வக ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கிரியாட்டினின் 0.8 இருந்தவருக்கு 1.2 ஆனால், பல ஆய்வகங்களின் தாளில் அது இயல்பு அளவுக்குள்தான் இருக்கும், தடித்த எழுத்து வராது. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருக்கலாம். முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் அது கண்ணில் படும். முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். குறிப்பாக ஆன்டி ஜிபிஎம் அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு அலகில், வேறு எல்லையில் வரும். ஓரிடத்து 15ஐயும் இன்னோரிடத்து 15ஐயும் ஒப்பிட முடியாது.

எவ்வளவு இடைவெளியில் பரிசோதனை என்பது நிலையைப் பொறுத்தது. ஆன்டிபாடி மறையும்வரை அடிக்கடி, மறைந்ததும் சில மாதங்களுக்கு ஓரளவு நெருக்கமாக, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு நன்றாக இருந்துவிட்டதாலேயே பரிசோதனையை அடியோடு விட்டுவிடக் கூடாது. ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

மூன்றாவது: எதைக் கவனிப்பது

சிறுநீரகம் சத்தம் போடாது. வலி இருக்காது. கிரியாட்டினின் ஏறி மூன்று நான்கு ஆகும்வரை சிலருக்கு எதுவுமே தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒரே தடயமான சிறுநீரைப் பார்க்கப் பழக வேண்டும். காலையில் முதல் சிறுநீரை வாரம் ஒருமுறை வெள்ளைக் கோப்பையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பால் கலக்காத தேநீர் நிறம், கோலா நிறம், கலங்கிய பழுப்பு ஆகியவை சிறுநீரக முடிச்சிலிருந்து வரும் ரத்தத்தின் நிறங்கள். ஊற்றிய பின் நுரை சில நிமிடமாகியும் அடங்காமல் நின்றால் புரதம் கூடியிருக்கலாம். சிறுநீர்ப் பட்டை என்று ரத்தமும் புரதமும் காட்டும் குச்சி மருந்துக்கடையில் கிடைக்கும். மருத்துவர் ஒத்துக்கொண்டால் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் வழக்கமாகவே உங்களுக்கு "ஒன்று பிளஸ்" வரும் என்றால், மூன்று பிளஸ் ஆகும்போதுதான் அது செய்தி.

சைக்ளோபாஸ்பமைடு எடுத்தவர்களுக்கு இதில் ஒரு குழப்பம் வரும். அந்த மருந்தின் கழிவு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் வரவைக்கும். அப்போது நிறம் பெரும்பாலும் பளிச்சென்ற சிவப்பு, எரிச்சல் இருக்கும், கட்டி கட்டியாகவும் வரலாம். சிறுநீரக முடிச்சிலிருந்து வரும் ரத்தத்தில் கட்டி இருப்பது அபூர்வம், எரிச்சலும் இருக்காது. இரண்டுக்குமே மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இந்த விவரத்தை நீங்கள் சொன்னால் அவர் சரியான திசையில் தேடுவார். சைக்ளோபாஸ்பமைடு எடுத்து ஆண்டுகள் பல ஆன பிறகும் சிறுநீரில் ரத்தம் வந்தால் சிறுநீர்ப்பையையும் சோதிக்கச் சொல்லுங்கள். அந்த மருந்தால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது.

நுரையீரல் பக்கம் எல்லோரும் எதிர்பார்ப்பது இருமலில் ரத்தம். அது வந்தால் சந்தேகமே வேண்டாம், உடனே கிளம்ப வேண்டும். அதைவிட நான் கவலைப்படுவது ரத்தமே வெளியே வராத கசிவைப் பற்றி. காற்றறைகளுக்குள்ளேயே ரத்தம் தேங்கும், துப்பும் சளி வெறும் வெள்ளையாக இருக்கும். வெளியில் தெரிவதெல்லாம் இதுதான்: போன வாரம் சாதாரணமாக ஏறிய மாடிப்படியில் இந்த வாரம் பாதியில் நிற்க வேண்டியிருக்கிறது, முகம் வெளிறிப்போகிறது, இனம்தெரியாத அசதி. பரிசோதித்தால் ஹீமோகுளோபின் சில நாள்களிலேயே இரண்டு புள்ளி இறங்கியிருக்கும், வேறு எங்கும் ரத்தம் போனதாகத் தெரியாது. அந்தச் சேர்க்கையை, அதாவது மூச்சுத்திணறலும் காரணம் தெரியாத ரத்தக்குறைவும் சேர்ந்து வருவதை, நுரையீரல் கசிவாகவே எடுத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். "ரத்தசோகைதான், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்க" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

மூச்சுத்திணறல் வந்தாலே நோய் திரும்பியது என்றும் இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு நுரையீரல் தொற்று வருவது, நோய் திரும்புவதைவிடப் பல மடங்கு சகஜம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நீர் தேங்கினாலும் இதே மூச்சுத்திணறல்தான். இந்த மூன்றும் எக்ஸ்ரேயில் வெள்ளைத் திட்டுகளாகவே தெரியும். பிரித்துச் சொல்ல சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சில நேரம் குழாய் விட்டு நுரையீரலைக் கழுவிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் தேவைப்படும். வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யக்கூடிய விஷயமே இல்லை இது.

நான்காவது: சந்தேகம் வந்த அன்றே

இருமலில் ரத்தம், புதிதாக மூச்சுத்திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைவது, கோலா நிறச் சிறுநீர்: இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. டயாலிசிஸ் வசதியும், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றும் 'பிளாஸ்மா மாற்று' வசதியும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே போங்கள். அது எந்த மருத்துவமனை என்பதை இப்போதே, நன்றாக இருக்கும்போதே, உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். வெறும் நுரை, லேசான கால்வீக்கம், அசதி போன்றவை என்றால் அன்றே மருத்துவருக்கு போன் செய்து, ஓரிரு நாளில் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிடுங்கள்.

அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இந்த நோயின் பெயர் பரீட்சையோடு போயிருக்கும். அவரிடம் கதையாகச் சொல்லாமல் இப்படிச் சொல்லலாம்: "டாக்டர், எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஆன்டி ஜிபிஎம் நோய் வந்தது, பயாப்ஸியில உறுதி பண்ணினாங்க. வழக்கமா கிரியாட்டினின் 1.6. நேத்திலிருந்து மூச்சு வாங்குது, சிறுநீர் பழுப்பா போகுது. நோய் திரும்பிடுச்சான்னு பார்க்கணும். என் சிறுநீரக மருத்துவர் நம்பர் இது, தயவுசெஞ்சு ஒரு போன் பண்ணுங்க." சொல்லிக்கொண்டே நோட்டையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கையில் கொடுங்கள். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் என்பதால், கூட வருபவருக்கும் இந்த நாலு வரி மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய பரிசோதனைகள்: கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, புரத விகிதம், ஆக்சிஜன் அளவு, நெஞ்சு எக்ஸ்ரே அல்லது சிடி, ஆன்டி ஜிபிஎம், ஆன்கா, தொற்றுக்கான பரிசோதனைகள். ஆன்டிபாடிக்கான ரத்தத்தைப் பிளாஸ்மா மாற்று தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுத்தால் அளவு குறைந்து வந்து குழப்பிவிடும். இந்த முடிவு வரச் சில இடங்களில் பல நாள் ஆகும். முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைப்பது இந்த நோயில் சரியில்லை. சந்தேகம் வலுவாக இருந்தால் தொடங்கிவிட்டு, இல்லை என்று தெரிந்தால் நிறுத்துவதுதான் சிறுநீரக மருத்துவர்கள் பொதுவாக எடுக்கும் வழி.

ஏன் இவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு ஆய்வின் எண்கள் போதும். 2001இல் லண்டனிலிருந்து வெளியானது அது, 71 நோயாளிகளைப் பற்றியது. கிரியாட்டினின் 5.7ஐத் தாண்டும் முன்பே சிகிச்சை தொடங்கியவர்களில் 95 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் சிறுநீரகம் வேலை செய்தது. வரும்போதே டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களில் அது 8 சதவீதம். இடையில் இருந்தவர்களில் 82. அவை முதல் தாக்குதலுக்கான எண்கள். இரண்டாம் தடவை ஏற்கெனவே தழும்பேறிய சிறுநீரகம் என்பதால் விட்டுக்கொடுக்க இன்னும் குறைவாகவே இருக்கிறது.

அந்த நாள்களில் செய்யக் கூடாதவையும் உண்டு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். மிச்சம் இருக்கும் ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தொற்றாக இருந்தால் அது முற்றிவிடும், நோயாக இருந்தால் மாத்திரை மட்டும் போதாது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர் வாந்தி, காய்ச்சல் என்று திடீரென நிறுத்தவும் கூடாது, அது தனி ஆபத்து.

இரண்டாம் முறை சிகிச்சை

அடிப்படை அதேதான்: ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடியை வெளியே எடுக்கப் பிளாஸ்மா மாற்று, புதிதாக உற்பத்தியாகாமல் தடுக்கச் சைக்ளோபாஸ்பமைடு, அழற்சியை அடக்க ஸ்டீராய்டு. பிளாஸ்மா மாற்று பெரும்பாலும் தினமும், இரண்டு வாரம் அல்லது ஆன்டிபாடி மறையும்வரை நடக்கும். கழுத்துக் குழாய் வழியாக ரத்தம் வெளியே போய், பிளாஸ்மா பிரிக்கப்பட்டு, பதிலுக்கு ஆல்புமின் என்ற புரதக் கரைசல் சேர்ந்து திரும்பும். நுரையீரலில் ரத்தம் கசிகிறவர்களுக்கும் பயாப்ஸி முடிந்த கையோடு இருப்பவர்களுக்கும் தானம் பெற்ற பிளாஸ்மாவும் சேர்த்துத் தருவார்கள், ஏனென்றால் ரத்தத்தை உறையவைக்கும் சத்துகளும் இதில் வெளியேறிவிடுகின்றன. நடுவில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் கூச்சம்போல ஊறினால் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம். பொறுத்துக்கொண்டிருக்காமல் அப்போதே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள்.

மாறக்கூடியது சைக்ளோபாஸ்பமைடு. வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு எடுத்தோம் என்பது அந்த மருந்தில் முக்கியம். முதல் தடவை எடுத்த அளவு ஃபைலில் இருந்தால்தான் மருத்துவர் கணக்குப் போட முடியும். அதனால் சிலருக்கு ரிட்டுக்சிமாப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருக்கும் ஆணும் பெண்ணும் சைக்ளோபாஸ்பமைடு தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். விந்தணு சேமிப்பு, கருமுட்டைப் பாதுகாப்பு பற்றி அவசரத்துக்கு நடுவிலும் ஐந்து நிமிடம் பேச முடியும்.

இந்தக் காலத்தில் உயிருக்கு ஆபத்து நோயால் மட்டும் வருவதில்லை, தொற்றாலும் வரும். ஒருவகை நிமோனியா வராமல் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி, காசநோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் இந்த நேரத்தில் கூடாது.

கடினமான ஒன்றையும் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் தொடங்கி, பயாப்ஸியில் ஏறக்குறைய எல்லா முடிச்சுகளும் பிறைக் காயத்தில் போயிருந்து, நுரையீரலில் கசிவும் இல்லை என்றால், சில மருத்துவர்கள் தீவிர சிகிச்சை வேண்டாம் என்று சொல்வார்கள். சிறுநீரகம் மீளும் வாய்ப்பு மிகக் குறைவாகவும் மருந்தின் ஆபத்து அதிகமாகவும் இருப்பதே காரணம். கைவிட்டுவிட்டார்கள் என்று அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் காரணத்தை உட்கார்ந்து விளக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மாற்றுச் சிறுநீரகத்தில் வருமா?

டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சை செய்ய முடியும். ரத்தத்தில் ஆன்டி ஜிபிஎம் மறைந்து குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆன்டிபாடி இருக்கும்போதே வைத்தால் புதுச் சிறுநீரகத்தையும் தாக்கும். அந்தக் காத்திருப்பைக் கடைப்பிடித்தால் நோய் திரும்புவது அரிது. மாற்றுக்குப் பின் போடும் மருந்துகளே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதும் ஒரு காரணம். மாற்றுக்குப் பிறகு சிறுநீரில் ரத்தம் வந்தால் நிராகரிப்பு, தொற்று இவற்றோடு ஆன்டி ஜிபிஎம்மையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வரவிடாமல் பார்த்துக்கொள்ள

புகை. 1983இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இந்த நோய் வந்த 47 பேரைப் பார்த்தார்கள். புகைபிடித்த 37 பேருக்கும் நுரையீரலில் ரத்தம் கசிந்தது. புகைபிடிக்காத 10 பேரில் இருவருக்குத்தான் கசிந்தது. ஆன்டிபாடி எவ்வளவு இருந்தது என்பதைவிட, புகை பிடித்தாரா என்பதே கசிவைத் தீர்மானித்தது போலத் தெரிந்தது. சிகரெட், பீடி, வேப் எல்லாமே இதில் சேர்த்தி. ஒன்றிரண்டுதானே என்ற பேச்சே வேண்டாம். வீட்டில் வேறு யாராவது புகைபிடித்தால் அவர்கள் வெளியே போய்த்தான் பிடிக்க வேண்டும். இதை வீட்டாரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வெட்கப்பட வேண்டிய கோரிக்கை இல்லை இது. நிறுத்த முடியவில்லை என்றால் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன.

அடுத்தது பெட்ரோல், டீசல், பெயின்ட் தின்னர், வார்னிஷ், பசை, உலோகத்தைச் சுத்தம் செய்யும் திரவங்களின் ஆவி. பெயின்ட் அடிப்பது, வண்டி பழுதுபார்ப்பது, அச்சகம் போன்ற வேலைகளில் இருப்பவர்கள் தொழிலையே விட முடியாமல் இருக்கலாம். அப்படியானால் மூடிய அறையில் வேலை செய்யாதிருப்பது, ஆவியை வடிகட்டும் பெட்டி பொருத்திய முகக்கவசம், வேலைப் பிரிவை மாற்றிக் கேட்பது என்று இறங்கி வரலாம். சாதாரணத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. மேலாளரிடம் கொடுக்க ஒரு மருத்துவக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று கேட்டு வாங்குங்கள். மூச்சுக்குழாய்த் தொற்று சிலருக்கு நுரையீரல் கசிவைத் தூண்டியிருக்கிறது. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் சிகிச்சைக்குப் பிறகு இந்த நோய் வந்ததாகவும் பதிவுகள் உள்ளன. ஆகவே கல் பிரச்சினைக்காக வேறு மருத்துவரிடம் போனால், பழைய நோயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளுக்கும் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். எச்எல்ஏ என்ற மரபணு வகைகளில் சில இந்த நோய் வந்தவர்களிடம் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் அந்த வகையைச் சுமக்கும் மிகப் பெரும்பாலானோருக்கு இது வருவதே இல்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பரிசோதனை எதுவும் வேண்டியதில்லை. தொற்று நோயும் இல்லை என்பதால் ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடித்துத் தூங்கலாம்.

கர்ப்பம் திட்டமிடுகிறவர்கள் நோய் அடங்கி, கிரியாட்டினினும் பிரஷரும் நிலையாக இருக்கும்வரை பொறுத்து, மருந்துப் பட்டியலைச் சிறுநீரக மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் ஒரே வாரத்தில் காட்டிவிடுங்கள். பிரஷருக்கும் புரதத்துக்கும் போடும் சில மாத்திரைகள், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான் போன்றவை, கருவுக்கு ஆகாது. எந்த மாத்திரையை எப்போது மாற்றுவது என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்யட்டும், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.